ஹோலுக்குப் பூசிய கத்தரிப்பூ நிறம்

அக்கா க்ரீம் நிறம்தான் பூசவேண்டும் என்று பிடிவாதமாக நின்றாள். அத்தானுக்கு எந்த நிறமென்றாலும் சரி, ஞாயிற்றுக்கிழமைக்குள் வேலை முடிந்தால் போதும். நான்தான் கத்தரிப்பூ நிறம் என்றேன்.

அப்போது நான் கொழும்புக்கு வந்து அதிக காலம் ஆகியிருக்கவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து தரைப்பாதை இல்லாத நாட்கள் அவை. கப்பலில் திருகோணமலைக்கு வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து, வழியெல்லாம் சோதனைக்கு இறக்கி ஏற்றி, ஒருவழியாக வெள்ளவத்தையில் அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தேன். காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்றில், ஒரு சிங்களப் பெண்மணியின் வீட்டு மேல்மாடியில் அக்காவும் அத்தானும் வாடகைக்கு இருந்தார்கள். கீழே அவர் தனியாக இருந்தார். கணவர் இறந்து பல வருடங்கள். நாங்கள் அவரை நோனா என்போம்.

கனடாவில் இருந்த ஒருவருக்கு என்னைப் பேசியிருந்தார்கள். சாதகம் பொருந்தியிருந்தது. அவருடைய தாயும் தகப்பனும் கொட்டாஞ்சேனையில் மகள் வீட்டில் தங்கியிருந்தார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை என்னைப் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதற்காகத்தான் வீட்டுக்குப் பெயின்ற் அடிக்கும் யோசனை வந்தது. உப்புக் காற்றில் ஹோல் சுவர்கள் பொரிந்து, பழைய பச்சை நிறம் பொருக்குப் பொருக்காக உதிர்ந்து கிடந்தது.

"கத்தரிப்பூ நிறமோ? ஆர் வீட்டில கண்டனி?" என்று அக்கா கேட்டாள்.

பல்லுப் பிடுங்கப் போனபோது கண்டேன் என்றேன். உண்மைதான். வந்த புதிதில் அத்தான் என்னைக் காலி வீதியில் ஒரு பல் வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போனார். அவருடைய காத்திருக்கும் அறை அந்த நிறத்தில் இருந்தது. பளிச்சென்ற ஊதா இல்லை. ஊதாவைச் சாம்பலில் ஒருமுறை புரட்டி எடுத்தது போன்ற நிறம். வீங்கிய கன்னத்தோடு அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் எனக்கு மாதக்கணக்கில் முதல் தடவையாக நெஞ்சு படபடக்காமல் இருந்தது. அதை அக்காவுக்கு எப்படி விளங்கப்படுத்துவது? "உப்புக் கறை தெரியாது அக்கா" என்று மட்டும் சொன்னேன். அத்தான் சிரித்துவிட்டு, "பொம்பிளை பாக்கிறது அவவை. நிறத்தையும் அவவே எடுக்கட்டும்" என்றார். ஊரைவிட்டு வெளிக்கிட்டதிலிருந்து எனக்கு எது விருப்பம் என்று யாரும் கேட்டிருக்கவில்லை.

அந்த நிறம் கடையில் கலந்த டின்னாகக் கிடைக்கவில்லை. வெள்ளைப் பெயின்றை வாங்கி, அதற்குள் சிறு போத்தல்களில் விற்கும் சாயத்தை நாமே கலந்துகொள்ளலாம் என்று கடைக்காரர் சொல்ல, அத்தான் ஊதாவில் ஒரு போத்தலும் கறுப்பில் ஒரு போத்தலும் வாங்கிவந்தார். வெள்ளைக்குள் ஊதாவை விட்டால் மிட்டாய் நிறம் வரும். அதற்குள் கறுப்பைச் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். ஒரு சொட்டுக் கூடினால் சாக்கடைத் தண்ணீர். பழைய பால்மா டின் ஒன்றில் நான் கலந்து பார்த்துப் பார்த்துப் பிடித்துக்கொண்டேன்.

ஹோல் சுவரில் ஒரு மாடம் இருந்தது. எங்களுக்கு முன் குடியிருந்த கத்தோலிக்கக் குடும்பம் சொரூபம் வைத்திருந்த இடமாம். அதற்குள்ளிருந்து தினமும் மணல் கொட்டும். அத்தான் அதை அடைத்துவிடத் தீர்மானித்தார். முகப்பில் மட்டும் கல்லை அடுக்கி, சீமெந்து பூசினார். உள்ளே வெறும் பொந்து.

"நோனாட்டக் கேட்டனீங்களோ?" என்றாள் அக்கா.

"திங்கட்கிழமை சொல்லுவம். வடிவா முடிஞ்ச பிறகு கண்டா ஒண்டும் சொல்லமாட்டா."

அந்த வீட்டில் ஆணி அடிப்பதென்றாலும் நோனாவைக் கேட்கவேண்டும். அக்கா முகத்தைச் சுளித்துக்கொண்டு குசினிக்குள் போனாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் நிலத்தில் பேப்பரை விரித்து, இரண்டாம் பூச்சுக்குச் சாயம் கலந்துகொண்டிருந்தேன். திடீரென்று ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. அதன் பின்னரே தூரத்தில் அந்தச் சத்தம் கேட்டது. குண்டுச் சத்தம். எனக்கு அது பழக்கமானது. ஆனால் உடம்பு பழகாது. கையிலிருந்த ஊதாப் போத்தல் வழுக்கி, முழுச் சாயமும் விரல்களிலும் மணிக்கட்டிலும் ஊற்றுப்பட்டது. அக்கா குசினிக்குள்ளிருந்து ஓடிவந்தாள். அவள் என் கைகளைப் பார்க்கவில்லை. ஜன்னலைத்தான் பார்த்தாள்.

"எங்கயோ வைச்சிட்டாங்கள். இனி எங்களுக்குத்தான்."

அத்தான் பின்னேரம் வேலையிலிருந்து நடந்தே வந்தார். பஸ் ஓடவில்லை. ரேடியோவில் செத்தவர்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனது. ஒழுங்கையில் யாரும் உரத்துக் கதைக்கவில்லை. நான் சவர்க்காரத்தாலும் தேங்காயெண்ணெயாலும், கடைசியில் மண்ணெண்ணெயாலும் கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். நகக்கண்களிலும் உள்ளங்கை ரேகைகளிலும் ஊதா அப்படியே நின்றது.

"விடு, ஞாயிற்றுக்கிழமைக்கிடையில போயிடும்" என்றாள் அக்கா. எங்கள் இருவருக்குமே ஞாயிற்றுக்கிழமை பற்றிய நினைப்பு அப்போது இல்லை. ஏதாவது சொல்லவேண்டுமே என்று சொன்னாள்.

சனிக்கிழமை காலையில் ஒழுங்கையின் இரண்டு பக்கமும் மறிக்கப்பட்டிருந்தது. ஆமிக்காரரும் பொலிஸும் வீடு வீடாக வந்தார்கள். எங்கள் படியில் பூட்ஸ் சத்தம் ஏறியபோது அத்தான் அடையாள அட்டைகளையும் பொலிஸ் பதிவுத் துண்டையும் கையில் வைத்துக்கொண்டு கதவைத் திறந்தபடி நின்றார். தட்டுவதற்கு முன் திறந்துவிட்டால் நல்லது என்பது அவருடைய நம்பிக்கை.

அலுமாரி, கட்டில், அரிசி வாளி எல்லாம் பார்த்தார்கள். எல்லாம் வழமைபோலத்தான் நடந்தது. போகத் திரும்பியபோது இளம் அதிகாரி ஒருவர் ஹோல் நடுவில் நின்று மூக்கை உறிஞ்சினார்.

பெயின்ற் மணம்.

அவர் சுவரின் அருகே போனார். அத்தான் அடைத்த இடத்தில் சீமெந்து இன்னும் முழுதாகக் காயவில்லை. ஒரு பூச்சு மட்டும் அடித்திருந்ததால் மாடத்தின் வடிவம் அப்படியே, ஒரு சிறிய கதவைப் போல, கருமையாகத் தெரிந்தது. அவர் விரலை மடித்துச் சுவரில் தட்டினார். பிறகு அடைத்த இடத்தில் தட்டினார். உள்ளே வெறுமை என்பது எல்லோருக்கும் கேட்டது.

அறையில் இருந்த துவக்குகள் எல்லாம் ஒரு அசைவில் எங்கள் பக்கம் திரும்பின.

அத்தான் சிங்களத்தில் சொல்லத் தொடங்கினார். வழக்கமாக நன்றாகக் கதைப்பவர். அன்று சொற்கள் ஒன்றோடொன்று முட்டின. மாடம், மணல், கலியாணம் என்று என்னவெல்லாமோ சொன்னார். அதிகாரி அவரைக் கேட்கவில்லை. வீட்டுக்காரியைக் கூப்பிடச் சொன்னார்.

நோனா மூச்சு வாங்க மேலே வந்தார். வாசலில் நின்று சுவர்களைப் பார்த்தார். அவருடைய பச்சைச் சுவர்கள் மூன்று பக்கமும் கத்தரிப்பூ நிறமாக மாறியிருந்ததை அவர் அன்றைக்குத்தான் காண்கிறார். அடைத்த மாடத்தையும் பார்த்தார். அதிகாரி அவரிடம் கேட்டது எனக்கு விளங்கியது: இது உங்களுக்குத் தெரியுமா?

அக்கா என் மேற்கையை இறுக்கிப் பிடித்தாள். நோனா எங்களைப் பார்க்கவேயில்லை. சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்தார்.

"மமய் கிவ்வே" என்றார். நான்தான் சொன்னேன். உள்ளே எலி வந்தது, அதனால் அடைக்கச் சொன்னேன் என்று தொடர்ந்தார்.

அதிகாரி மரியாதையாகத் தலையசைத்தார். பிறகு பின்னால் நின்றவரிடம் "கடன்ன" என்றார். உடை.

எதிர் வீட்டிலிருந்து இரும்பு அலவாங்கு ஒன்று வந்தது. எங்களை வெளியே படிக்கட்டில் இறக்கி நிறுத்தினார்கள். இடிக்கிற ஒவ்வொரு இடிக்கும் கைபிடிச் சுவர் அதிர்ந்தது. உள்ளே ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும். அத்தான் கல் வைக்கும்போது சீமெந்து குழைத்துக் கொடுத்தவள் நான். அப்படியிருந்தும், ஏதாவது இருந்துவிடுமோ என்று பயந்தேன். இப்போது நினைத்தால் விளங்குவதில்லை. அன்றைக்கு அந்தப் பயம் கல்லைப்போல நிசமாக இருந்தது.

மணலும் தூசியும்தான் இருந்தன. அதிகாரி வெளியே வந்து சட்டையைத் தட்டினார். போய்விடுவார்கள் என்று நினைத்தேன். அப்போதுதான் அவருக்கு என் கைகள் தெரிந்தன.

பிடித்துத் திருப்பிப் பார்த்தார். முகர்ந்து பார்த்தார். அத்தானைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். அத்தானின் முகம் வெளிறியது. புதிதாக வந்தவள் என்பது பதிவுத் துண்டிலேயே இருந்தது. என்னை ஜீப்பில் ஏற்றினார்கள்.

பொலிஸ் நிலையத்தில் ஒழுங்கைகளிலிருந்து கூட்டிவந்த பலர் இருந்தார்கள். பெண்களை ஒரு நீள வாங்கில் இருத்தினார்கள். என்னைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். மேசைக்குப் பின்னால் நரைத்த மீசையோடு ஒரு இன்ஸ்பெக்டர். பக்கத்தில் தமிழ் தெரிந்த முஸ்லிம் கொன்ஸ்டபிள்.

"பயப்படாம சொல்லுங்க" என்றார் கொன்ஸ்டபிள். "யாருக்கு மருந்து பூசின?"

எனக்கு விளங்கவில்லை. "என்ன மருந்து?"

"காயத்துக்குப் பூசுற ஊதா மருந்து. கையெல்லாம் ஈக்கிதே. வீட்டில யாரு காயத்தோட ஈக்கிற?"

அப்போதுதான் படிக்கட்டில் அத்தானின் முகம் ஏன் வெளிறியது என்று விளங்கியது. நேற்று நகரத்தில் குண்டு. இன்று வடக்கிலிருந்து வந்த ஒரு பெண்ணின் கைகளில் காயத்துக்குப் போடும் மருந்து.

"மருந்து இல்லை. பெயின்ற். ஹோலுக்கு அடிச்சது."

கொன்ஸ்டபிள் மொழிபெயர்த்தார். இன்ஸ்பெக்டர் என் கைகளையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். உட்காரச் சொன்னார். திரும்பவும் வாங்கில் இருந்தேன். எனக்குப் பக்கத்தில் இருந்த பெண் என் கைகளைப் பார்த்துவிட்டு மெல்ல விலகி இருந்தாள். அவள்மேல் எனக்குக் கோபமில்லை. நானும் விலகியிருப்பேன்.

வெயில் ஏறிய பிறகு அக்காவும் அத்தானும் வந்தார்கள். கூட நோனா, குடையோடு. அவர் கையில் ஒரு துணிப்பை. மேசைக்கு முன்னால் போய், பைக்குள்ளிருந்து உடைந்த சுவர்த் துண்டொன்றை எடுத்து வைத்தார். ஒரு பக்கம் சீமெந்து, மறுபக்கம் கத்தரிப்பூ நிறம். இதுதான் என் வீட்டுச் சுவர், அந்தப் பிள்ளையின் கையிலிருப்பதும் இதுதான் என்று சொன்னார்.

இன்ஸ்பெக்டர் என்னைக் கூப்பிட்டு அந்தத் துண்டின் பக்கத்தில் கையை வைக்கச் சொன்னார். வைத்தேன்.

இரண்டும் ஒரே நிறமில்லை.

சுவர் மங்கிய சாம்பல் ஊதா. என் விரல்கள் பளீரென்ற ஊதா, மருந்துப் போத்தலுக்குள் தோய்த்து எடுத்ததுபோல. நோனா கூடத் திகைத்துப்போய் என் கையைப் பார்த்தார். அந்தக் கணத்தில் அவருக்கே என்மேல் சந்தேகம் வந்தது. அது எனக்குத் தெரிந்தது. இன்றும் அவர் கண்கள் ஞாபகத்தில் இருக்கின்றன.

"இது கலக்க முந்தின சாயம்" என்றேன். "வெள்ளையும் ஒரு சொட்டுக் கறுப்பும் சேர்த்தாத்தான் அந்த நிறம் வரும். வீட்டில போத்தல் கிடக்கு. கொண்டு வந்தா நான் கலந்து காட்டுறன்."

கொன்ஸ்டபிள் தயங்கினார். பிறகு சிங்களத்தில் சொன்னார். இன்ஸ்பெக்டர் முதலில் சிரித்தார், நல்ல சிரிப்பில்லை. பிறகு அத்தானைப் பார்த்துக் கையை வீசினார். அத்தான் ஓடினார்.

அவர் திரும்பி வரும்வரை ஒருவரும் என்னை இருக்கச் சொல்லவில்லை. நின்றுகொண்டேயிருந்தேன். ஊதாப் போத்தலில் ஏதாவது மிச்சம் இருக்குமா என்பதுதான் என் யோசனை. முழுக்க என் கையில்தானே கொட்டியது.

அத்தான் வெள்ளைப் பெயின்றை ஜாம் போத்தலில் ஊற்றி எடுத்துக்கொண்டு, இரண்டு சாயப் போத்தல்களோடும் ஒரு குச்சியோடும் வந்தார். விறாந்தையில் பேப்பரை விரித்தார்கள். நான் குந்தியிருந்து, ஒரு பழைய கோப்பையில் கொஞ்சம் வெள்ளையை ஊற்றினேன். ஆறேழு பொலிஸ்காரர் சுற்றி நின்று பார்த்தார்கள். ஊதாப் போத்தலைக் கவிழ்த்துத் தட்டினேன். வரவில்லை. இன்னும் தட்டினேன். கழுத்தில் ஒட்டியிருந்தது மெதுவாக இறங்கி வெள்ளைக்குள் விழுந்தது. கலக்கினேன். மிட்டாய் நிறம்.

"பார்த்தீங்களா, வரல்லே" என்றார் கொன்ஸ்டபிள், மெதுவாக, எனக்கு மட்டும் கேட்க.

கறுப்பைத் திறந்தேன். போத்தல் சற்றுக் கூடுதலாகச் சரிந்ததில் இரண்டு சொட்டு விழுந்துவிட்டது. நிறம் இருண்டு, அழுக்காகிப்போனது. அக்கா "ஐயோ" என்றாள். ஜாம் போத்தலில் மிச்சமிருந்த வெள்ளையைக் கேட்டு வாங்கி ஊற்றினேன். கலக்கினேன். இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். குச்சியை எடுத்துச் சுவர்த் துண்டின் ஓரத்தில் பூசினேன்.

ஈரத்தில் சற்று அடர்த்தியாகத் தெரிந்தது. ஆனால் அதே நிறம். இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார்.

"தம் பாட்ட" என்றார் நோனா. ஊதா நிறம். "வீட்டுக்குப் பூசுற நிறம்."

எதற்காக இந்த அவசரத்தில் பெயின்ற் அடித்தீர்கள் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். நாளைக்கு என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றேன். கொன்ஸ்டபிள் அதைச் சொன்னதும் பின்னால் நின்ற ஒருவர் சிரித்தார். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. என் பெயரை எழுதச் சொல்லிவிட்டு, போகலாம் என்றார். வாங்கில் இருந்த மற்றப் பெண்கள் அங்கேயே இருந்தார்கள். நான் அவர்களைப் பாராமல் வெளியே வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்தார்கள். அக்கா உடைந்த இடத்தை மறைத்துக் கட்டில் விரிப்பு ஒன்றைத் தொங்கவிட்டிருந்தாள். கடற்காற்று அதைத் தூக்கித் தூக்கிப் போட்டது. நான் தேநீர்த் தட்டோடு வந்தபோது மாப்பிள்ளையின் தாய் முதலில் சுவரைத்தான் பார்த்தார்.

"என்ன, வீடு உடைக்கிறியளோ?"

"பைப் வேலை" என்றார் அத்தான் சட்டென்று.

தாயின் பார்வை தட்டைப் பிடித்திருந்த என் கைகளுக்கு வந்து நின்றது. இனி என்ன மறைப்பது என்று தோன்றியது.

"இல்லை மாமி. நேற்றுச் செக்கிங். அவங்கள்தான் உடைச்சவங்கள். என்னையும் ஸ்ரேசனுக்குக் கொண்டு போனவங்கள். பிறகு விட்டுட்டாங்கள்."

அக்கா மூச்சை உள்ளே இழுத்தாள். மாப்பிள்ளையின் தகப்பன் கோப்பையைக் கீழே வைத்தார். தாய் கேட்டார்:

"பேர் ஏதும் எழுதினவங்களோ?"

"ஓம்."

அதற்குப் பிறகு அவர்கள் காலநிலை பற்றியும் கொட்டாஞ்சேனைத் தண்ணீர்ப் பிரச்சினை பற்றியும் கதைத்தார்கள். வடையைக் கடித்தார்கள். நல்ல மனிதர்கள். கனடா விசாவுக்கு இடைஞ்சல் வரும் என்று பயந்திருப்பார்கள். இருந்தாலும் அடித்தார்களா, ஏதும் செய்தார்களா என்று அந்தத் தாய் கேட்டிருக்கலாம். அது எனக்கு வெகுநாள் உள்ளுக்குள் கிடந்து குத்தியது.

திங்கட்கிழமை அத்தான் மன்னிப்புக் கேட்கக் கீழே போவதற்கு முன்பே நோனா மேலே வந்துவிட்டார். விரிப்பை விலக்கிப் பொந்தைப் பார்த்தார். அத்தான் சிங்களத்தில் நன்றி சொல்லத் தொடங்கினார். அவர் கையை உயர்த்தி நிறுத்திவிட்டு, என்னைப் பார்த்து, ஒழுங்கையில் பழகிய தன் தமிழில் சொன்னார்:

"நான் உங்களுக்காகப் பொய் சொல்ல இல்லை, துவ, மகள். இது என்ட வீடு. நான் தெரியாது சொன்னா, மத்த சுவரெல்லாம் உடைப்பாங்க."

"அப்ப ஸ்ரேசனுக்கு ஏன் வந்தனீங்கள்?" என்று கேட்டேன்.

அவர் பொந்தின் பக்கம் திரும்பினார். "இந்த முறை உள்ளே முழுக்கக் கல் வைக்கணும். நான் நின்டு பார்ப்பேன்" என்று அத்தானிடம் சொல்லிவிட்டுப் படியிறங்கினார். அவர் சொன்னது உண்மையா, தன் இரக்கத்துக்கு அவர் போட்ட போர்வையா என்று எனக்குத் தெரியாது. இரண்டும் இருந்திருக்கும்.

அந்தக் கிழமை அத்தான் கல்லை நிரப்பிக் கட்டினார். நோனா சொன்னபடியே கதிரை போட்டு இருந்து பார்த்தார். மீதிச் சுவருக்கு நான் புதிதாக ஒரு போத்தல் சாயம் வாங்கிக் கலந்தேன். நிறம் முழுக்கப் பொருந்தவில்லை. அடைத்த இடம் ஒரு சாயல் வெளிறியே இருந்தது. பூசிக்கொண்டிருந்தபோது கலியாணத் தரகர் வந்து, மாப்பிள்ளை வீட்டார் சாதகத்தை இன்னொருவரிடம் காட்டினார்களாம், பொருத்தம் போதாதாம் என்று சொல்லிப்போனார்.

"இந்த நிறம்தான் ராசியில்லை" என்று அக்கா அழுதாள். "க்ரீம் அடிச்சிருந்தா ஒருத்தன்ர கண்ணிலயும் பட்டிருக்காது."

டின்னில் பெயின்ற் ஆடை படரத் தொடங்கியிருந்தது. அது காய்வதற்குள் அடித்து முடித்தேன். அடுத்த வருடம் எனக்குக் கொச்சிக்கடையில் கப்பல் சாமான் ஏற்றி இறக்கும் கந்தோர் ஒன்றில் வேலை கிடைத்தது. அந்த வீட்டில் இன்னும் சில வருடங்கள் இருந்தோம். செக்கிங் பலமுறை வந்தது. வந்தவர்கள் அலுமாரியையும் கட்டிலையும் கிளறிவிட்டுப் போனார்கள். அக்கா மட்டும் ஒவ்வொரு தடவையும், அவர்கள் படியிறங்கும்வரை, வெளிறிய அந்த இடத்தை மறைத்து, சுவரில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டிருப்பாள்.